பழைய சிடி கேம்களை விண்டோஸ் 11-இல் ஓட வைப்பது எப்படி?

போன மே மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு சிடி பவுச் கிடைத்தது. ஜிப்பில் களிம்பு ஏறி நகரவே இல்லை. தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் திறந்தேன். உள்ளே என் பள்ளிக்காலம் மொத்தமும் இருந்தது: பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, குவேக், நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், வைஸ் சிட்டி. "இதையெல்லாம் போட்டுக் காட்டுங்கப்பா" என்றாள் மகள். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். நாலு சனி, ஞாயிறு போனது.

அதில் பாதி நேரம் தவறான வழியில் போனது. கணினிக் கடை ஒன்றில் "புது விண்டோஸில் பழைய கேம் எதுவும் ஓடாது, ஃபார்மட் பண்ணி எக்ஸ்பி போட்டுத் தருகிறோம்" என்றார்கள். நல்லவேளை, ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைய லேப்டாப்புக்கு எக்ஸ்பியில் கிராபிக்ஸ் டிரைவரும் (வன்பொருளை இயக்கும் நிரல்) கிடைக்காது, வைஃபை டிரைவரும் கிடைக்காது. ஒரு வீடியோவை நம்பி விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பு ஒன்றை அணைத்தேன். அதற்கு அவசியமே இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இது 64 பிட் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. முதலில் கேமின் வயதைக் கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிப் போனதால்தான் நான் அவ்வளவு நேரத்தை இழந்தேன். எந்தக் காலத்து கேம் என்பதைப் பொறுத்து அதன் சிக்கல் மாறும், தீர்வும் மாறும். டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கேமுக்கான தீர்வை எக்ஸ்பி கேமில் போட்டுப் பார்ப்பது, பல்வலிக்குக் கண் சொட்டு மருந்து விடுவது போல.

அட்டைப்பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். என்ன கணினி தேவை என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெட்டி இல்லையென்றால் சிடிக்குள் 'ரீட்மீ' என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள். அதுவும் இல்லையென்றால் சிடியில் உள்ள ஃபைல்களின் தேதியே போதும்.

எம்எஸ்-டாஸ் என்று மட்டும் போட்டிருந்தால் டாஸ் கேம். படி 5-க்குப் போங்கள்.

விண்டோஸ் 3.1 என்று இருந்தால் 16 பிட் கேம், அதாவது இன்னும் பழைய வகைக் கணினிக்கு எழுதியது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே கிடையாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பும் இல்லை. படி 6.

விண்டோஸ் 95, 98 என்று இருந்தால் கேம் பெரும்பாலும் 32 பிட், ஆனால் அதை நிறுவும் 'செட்டப்' ஃபைல் 16 பிட்டாக இருக்கலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். செட்டப் ஓடவில்லை என்றதும் கேமே ஓடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். படி 6, 7.

விண்டோஸ் 2000, எக்ஸ்பி என்று இருந்தால் கேம் நன்றாகவே நிறுவப்படும். டிஸ்க்கைச் சரிபார்க்கும் பூட்டுதான் தொல்லை தரும். படி 8.

2. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

கையில் இருக்க வேண்டியவை: அசல் சிடி, சிடி கீ, கேமோடு வந்த கையேடு. நிறுவும்போது கேட்கும் குறியீடுதான் சிடி கீ. அது பெரும்பாலும் பிளாஸ்டிக் பெட்டியின் பின்பக்கத்திலோ கையேட்டின் அட்டையிலோ ஒட்டியிருக்கும். முதல் வேலையாக அதை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்னுடையவற்றில் ஒன்றில் மை மங்கி 8 எது, பி எது என்றே தெரியவில்லை. டார்ச்சைச் சாய்வாக அடித்துத்தான் படிக்க முடிந்தது.

கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல டாஸ் கேம்களில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டே கையேடுதான். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவில் முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை நிறைய மருந்துக் குப்பிகள் இருக்கும். கையேட்டில் இத்தனையாவது பக்கம், இத்தனையாவது வரி, இத்தனையாவது சொல்லின் முதல் எழுத்து என்ன என்று கேட்கும். அந்த எழுத்துள்ள குப்பியைக் குடித்தால்தான் கதவு திறக்கும்.

லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்க வேண்டும். எனக்கு 1,400 ரூபாய் ஆனது. செலவு அவ்வளவுதான், இந்தக் கட்டுரையில் சொல்லும் மென்பொருள்கள் எல்லாமே இலவசம். டிரைவை யுஎஸ்பி ஹப்பில் செருகாதீர்கள், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். ஹப்பில் போதிய மின்சாரம் கிடைக்காமல் டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் டிரைவைக் கடையில் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன்.

நேரக் கணக்கு: ஒரு டாஸ் கேமுக்கு முதல் தடவை ஒரு மணி நேரம், அடுத்தடுத்து பத்து நிமிடம். விண்டோஸ் 95, 98 கேமுக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். கீறல் விழுந்த டிஸ்க்கென்றால் அதைப் படித்தெடுக்கவே சில மணி நேரம் ஆகலாம்.

மார்க்கரில் பெயர் எழுதிய காப்பி சிடியா? அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். எழுதும் சிடிகளில் உள்ள சாயம் இத்தனை வருடத்தில் மங்கியிருக்கும், அந்தக் காலத்து வைரஸும் உள்ளே இருக்கலாம். நேராக அடுத்த படிக்குப் போங்கள்.

3. சிடியைத் தொடுவதற்கு முன், அது விற்பனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

எனக்கு யாராவது முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும். பல பழைய கேம்களைப் புது விண்டோஸுக்கு ஏற்றாற்போல் சரிசெய்து ஜிஓஜி, ஸ்டீம் என்ற இணையக் கடைகள் இரண்டிலும் விற்கிறார்கள். ஜிஓஜியில் வாங்குபவற்றில் எந்தப் பூட்டும் கிடையாது. நிறுவும் ஃபைலையே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். டாஸ் கேம்களை, அவற்றை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளோடு (படி 5) சேர்த்தே தருகிறார்கள், நீங்கள் எதையும் அமைக்க வேண்டியதில்லை.

விலை பெரும்பாலும் 5.99 அல்லது 9.99 டாலர். தள்ளுபடிக் காலத்தில் இன்னும் குறையும், அவசரமில்லை என்றால் காத்திருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். வங்கியின் ஆப்பில் போய் அதை இயக்கி, ஓர் உச்சவரம்பும் வைத்து, வாங்கி முடித்ததும் மறுபடி அணைத்துவிடுங்கள். நாணய மாற்றுக் கட்டணம் தனியாகப் பிடிப்பார்கள். ஸ்டீமில் இந்தத் தொல்லை இல்லை. விலை ரூபாயிலேயே வரும், யுபிஐயில் கட்டலாம்.

ஓடவில்லையென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். ஜிஓஜியில் 30 நாள். ஸ்டீமில் வாங்கியதும் அன்றே ஓட்டிப் பாருங்கள். கேமைத் திறந்து வைத்துவிட்டு அமைப்புகளை நோண்டிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு மணி நேரம் ஓடிவிடும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் புதுப்பித்த பதிப்புகளாக ஸ்டீமில் இருக்கின்றன. கமாண்டோஸ் முதல் பாகம் ஜிஓஜியில் இருக்கிறது. ஆனால் 1996-இல் கணினிக்கு வந்த ரோட் ரேஷ், பழைய நீட் ஃபார் ஸ்பீட்கள், கிரிக்கெட் 07 போன்றவை இப்படி விற்பனைக்கு இல்லை. அவற்றுக்கு உங்கள் சிடிதான் வழி. "கைவிடப்பட்ட கேம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று சொல்லும் தளங்களைப் பார்ப்பீர்கள். விற்பனை நின்றுபோனதால் காப்புரிமை போய்விடாது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கும் இல்லை.

4. டிஸ்க்கைக் கழுவி, பிரதி எடுங்கள்

பழைய சிடியை நேராக டிரைவில் போடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு விரல் நுனியால் தேயுங்கள். மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் எழுதியிருக்கும் பாதையும் வட்டமாகத்தான் போகிறது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாகப் பல இடங்கள் படிக்க முடியாமல் போகும். குறுக்கே விழும் கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும்.

பிறகு அந்த சிடியை ஒரு ஃபைலாகப் பிரதி எடுங்கள். இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் போதும். நல்ல டிஸ்க் என்றால் பத்து, பதினைந்து நிமிடம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எல்லாரும் 'ஐஎஸ்ஓ' என்ற ஒரே ஃபைலாகத்தான் எடுப்பார்கள். ஆனால் 1990-களின் கேம் சிடிகள் பலவற்றில் இசை சாதாரணப் பாட்டு சிடியில் இருப்பது போல ஆடியோ ட்ராக்காகவே இருக்கும். 1996-இல் வந்த குவேக் அப்படித்தான். ஐஎஸ்ஓவில் அந்த ட்ராக்குகள் வராது. கேம் ஓடும், துப்பாக்கிச் சத்தம் கேட்கும், பின்னணி இசை மட்டும் இருக்காது. சவுண்ட் டிரைவரில் கோளாறு என்று நினைத்து நான் ஒரு நாள் முழுக்க அதை நோண்டினேன். 'பின்', 'கியூ' என்ற இரண்டு ஃபைல்களாகப் பிரதி எடுத்தால் இசையும் சேர்ந்து வரும். சந்தேகமிருந்தால் சிடியைப் பாட்டு பிளேயரில் திறந்து பாருங்கள். ட்ராக் பட்டியல் வந்தால் அது இந்த வகை.

ஐஎஸ்ஓ ஃபைலை விண்டோஸ் 10, 11-இல் டபுள் க்ளிக் செய்தாலே ஒரு சிடி டிரைவ் போலத் திறந்துகொள்ளும். பின், கியூ வகையை விண்டோஸ் தானாகத் திறக்காது, டாஸ்பாக்ஸ் திறக்கும்.

5. டாஸ் கேம்கள்

எல்லாரும் பயப்படுவது இவற்றுக்கு. உண்மையில் இவைதான் மிகச் சுலபம், ஏனென்றால் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் ஒரு பழைய கணினியையே உள்ளுக்குள் உருவாக்கித் தருகிறது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் இன்று புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வசதியானது என்பது என் கருத்து.

சி டிரைவில் நேராக 'டாஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். அதற்குள் கேமுக்கு ஒரு ஃபோல்டர். பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, இடைவெளியும் கூடாது. டாஸுக்கு அதற்கு மேல் தெரியாது. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்று நீளமாக வைத்தால் உள்ளே வேறு ஏதோ பெயராகச் சுருங்கித் தெரியும், நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். 'பிரின்ஸ்' போதும்.

டாஸ்பாக்ஸைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் என்டர் அடித்து இப்படிப் போங்கள்:

மவுண்ட் சி சி:\டாஸ்
சி:
சிடி பிரின்ஸ்
பிரின்ஸ்

முதல் வரி உங்கள் 'டாஸ்' ஃபோல்டரை அந்தப் பழைய கணினியின் சி டிரைவாக மாட்டுகிறது. மூன்றாவது வரியில் உள்ளது ஃபோல்டருக்குள் நுழையும் கட்டளை. சி, டி என்ற இரண்டே எழுத்து. கடைசி வரி கேமின் பெயர். சிடி தேவைப்படும் கேம் என்றால், இவற்றுக்கு முன் 'இம்ஜ்மவுண்ட் டி' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு கியூ ஃபைலின் முழுப் பாதையையும், கடைசியில் '-டி ஐஎஸ்ஓ' என்பதையும் சேருங்கள் (முதல் டி ஆங்கிலத்தில் d, இந்த டி t). அந்த ஃபைலின் பாதையில் இடைவெளி இருந்தால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இவ்வளவையும் அடிக்க வேண்டியதில்லை. டாஸ்பாக்ஸின் அமைப்பு ஃபைலின் கடைசியில் 'ஆட்டோஎக்ஸெக்' என்று ஒரு பகுதி இருக்கும். அதே வரிகளை அங்கே எழுதி வைத்தால் திறந்ததுமே கேம் ஓடும்.

சத்தம் வரவில்லையென்றால் கேம் ஃபோல்டரில் 'செட்டப்' அல்லது 'சவுண்ட்' என்ற பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று பார்த்து டாஸ்பாக்ஸுக்குள்ளிருந்தே ஓட்டுங்கள். சவுண்ட் பிளாஸ்டர் 16 என்று தேர்ந்தெடுங்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1. இந்த மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், எல்லா டாஸ் கேமுக்கும் இதேதான்.

கேம் தலைதெறிக்க ஓடினால் கன்ட்ரோலும் எஃப்11-உம் சேர்த்து அழுத்துங்கள், வேகம் குறையும். கன்ட்ரோலும் எஃப்12-உம் அழுத்தினால் கூடும். லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். நான் எஃப்என் இல்லாமல் அழுத்தி அழுத்தி ஒலியளவைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10-உம். முழுத்திரைக்கு ஆல்ட்டும் என்டரும்.

டாஸ்பாக்ஸே தேவைப்படாத கேம்களும் உண்டு. ஆர்வலர்கள் அந்த கேமின் இயந்திரத்தையே புதிதாக எழுதி, உங்கள் அசல் ஃபைல்களை அதில் போட்டு ஓட்டும்படி செய்திருக்கிறார்கள். பழைய சாகசக் கதை கேம்களுக்கு ஸ்கம்விஎம், டூமுக்கு ஜிஇசட்டூம், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு எஸ்டிஎல்பாப். உங்கள் கேமுக்கு இப்படி ஒன்று இருந்தால் அதையே எடுங்கள், திரை அளவு முதல் கன்ட்ரோலர் வரை எல்லாம் நன்றாக இருக்கும்.

6. செட்டப் ஃபைல் 16 பிட்டாக இருந்தால்

டபுள் க்ளிக் செய்ததும் நீலப் பட்டையில் "திஸ் ஆப் காண்ட் ரன் ஆன் யுவர் பிசி" என்று வந்தால் இதுதான் விஷயம். கம்பாட்டிபிலிட்டி மோடில் (படி 7-இல் வருவது) எத்தனை தேர்வுகளை மாற்றினாலும் இது சரியாகாது. அங்கே நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஓடிவிடிஎம் என்ற சிறிய இலவச மென்பொருளை டவுன்லோட் செய்து ஒரு ஃபோல்டரில் விரியுங்கள். இதன் இன்னொரு பெயர் வைன்விடிஎம். சிடியில் உள்ள செட்டப் ஃபைலை மவுஸால் இழுத்து ஓடிவிடிஎம் ஐகான் மேல் விடுங்கள். அந்தக் காலத்து நீலப் பின்னணியோடு செட்டப் திறந்துகொள்ளும். எனக்கு அந்த நீலத்தைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. விண்டோஸ் 3.1 கேம்களையும் இதே போல இழுத்துவிட்டு ஓட்டலாம்.

7. விண்டோஸ் 95, 98 கேம்கள்

பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது. நான்கு விஷயங்களை வரிசையாகச் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கேமை ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

முதலில், எங்கே நிறுவுகிறீர்கள் என்பது. செட்டப் தானாகக் காட்டும் 'ப்ரோக்ராம் ஃபைல்ஸ்' வேண்டாம். பழைய கேம்கள் சேவ் ஃபைல்களைத் தம் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். ப்ரோக்ராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் புது விண்டோஸ் விடாது. அந்த ஃபைல்களை 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற மறைவிடத்துக்குத் திருப்பிவிடும், இல்லையென்றால் கேம் சேவ் ஆகாமலே போகும். சி டிரைவில் நேராக 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் நிறுவுங்கள்.

அடுத்து டைரக்ட்பிளே, பலர் சேர்ந்து விளையாட உதவும் விண்டோஸின் பழைய பகுதி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்றவற்றுக்கு இது வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று தேடித் திறந்து, 'லெகசி காம்பொனென்ட்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை விரித்து, டைரக்ட்பிளேயில் டிக் செய்யுங்கள். இரண்டு நிமிடம்.

மூன்றாவது, கம்பாட்டிபிலிட்டி. கேமின் ஐகானை ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் கம்பாட்டிபிலிட்டி. விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 தேர்ந்தெடுங்கள். படம் பெரிதாகித் திரைக்கு வெளியே போனால் அதே பக்கத்தில் ஹை டிபிஐ அமைப்பை கேமின் பொறுப்பில் விடுங்கள். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் போடும்படி எல்லாரும் சொல்வார்கள். மேலே சொன்னபடி 'கேம்ஸ்' ஃபோல்டரில் நிறுவியிருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படாது. தேவைப்படாத அதிகாரத்தைப் பழைய நிரலுக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காவதுதான் உண்மையான மருந்து: ரேப்பர்கள். பழைய கேம் படம் வரையும் முறையைப் புது கிராபிக்ஸ் கார்டுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறுவது, கறுப்புத் திரை, மெனு மினுக்குவது எல்லாம் பெரும்பாலும் இதில் தீரும்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற 256 நிற 2டி கேம்களுக்கு சிஎன்சி-டிடிரா. விரித்த ஃபைல்கள் எல்லாவற்றையும் கேம் ஃபோல்டருக்குள், கேமைத் தொடங்கும் எக்ஸி ஃபைலுக்குப் பக்கத்தில் போட்டால் முடிந்தது. 3டி கேம்களுக்கு டிஜிவூடூ 2. கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் என்ற விண்டோஸ் பகுதியின் பழைய பதிப்புகளையும், 3டிஎஃப்எக்ஸ் என்ற அந்தக் காலத்து கிராபிக்ஸ் கார்டுகளின் குளைட் முறையையும் இது மொழிபெயர்க்கும். நீட் ஃபார் ஸ்பீட் 2 எஸ்இ குளைடைப் பயன்படுத்திய கேம்.

டிஜிவூடூவில் விழும் பொறி: உள்ளே எக்ஸ்86, எக்ஸ்64 என்று ஃபோல்டர்கள் இருக்கும். நம் விண்டோஸ் 64 பிட் ஆயிற்றே என்று எக்ஸ்64-ஐ எடுத்துவிடுவோம். தவறு. கேம் எத்தனை பிட்டோ அதுதான் கணக்கு, பழைய கேம் 32 பிட். எப்போதும் எக்ஸ்86. டைரக்ட்எக்ஸ் கேம் என்றால் 'எம்எஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்86 ஃபைல்கள், குளைட் கேம் என்றால் '3டிஎஃப்எக்ஸ்' ஃபோல்டருக்குள் இருப்பவை. ரேப்பர் வேலை செய்கிறதா என்று தெரிய, அதன் கட்டுப்பாட்டு நிரலில் வாட்டர்மார்க்கை இயக்கி வையுங்கள். கேமின் மூலையில் அதன் சின்னம் வந்தால் சரி, பிறகு அணைத்துவிடலாம். சின்னம் வரவில்லையென்றால் ஃபைலைத் தவறான இடத்தில் போட்டிருக்கிறீர்கள்.

இந்த நான்கும் பலிக்கவில்லையென்றால் பிசிகேமிங்விக்கியில் கேமின் பெயரைத் தேடுங்கள். அந்த கேமுக்கே உரிய கோளாறுகளும் தீர்வுகளும் தனித்தனியாக எழுதியிருக்கும். அதிலும் தீராவிட்டால் 86பாக்ஸ் என்ற மென்பொருளில் ஒரு முழு பென்டியம் கணினியை உருவாக்கி, உங்களிடம் உள்ள விண்டோஸ் 98 சிடியை நிறுவி ஓட்டலாம். இரண்டு நாள் வேலை. ஒரே ஒரு கேம் மேல் உயிரையே வைத்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

8. எக்ஸ்பி காலத்து கேம்கள்

அசல் டிஸ்க் போட்டிருக்கிறீர்கள், கேம் நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது, திறந்தால் எதுவுமே நடக்கவில்லை. அல்லது அசல் டிஸ்க்கைப் போடச் சொல்கிறது. கீறலும் காரணமல்ல, டிரைவும் காரணமல்ல. சேஃப்டிஸ்க் என்ற பூட்டு அந்தக் காலத்தில் பல கேம்களில் இருந்தது. அது 'செக்டிரைவ்' என்ற டிரைவரை நம்பியிருந்தது. அதன் பாதுகாப்புக் குறையால் விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது.

அந்த டிரைவரை எங்கிருந்தோ எடுத்து, விண்டோஸை 'டெஸ்ட் சைனிங்' முறைக்கு மாற்றி நிறுவச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். கையொப்பமில்லாத எந்த டிரைவரும் உள்ளே வர வாசலைத் திறந்துவிடுகிறீர்கள். அதே லேப்டாப்பில்தானே வங்கிக் கணக்கையும் பார்க்கிறோம். நான் அணைத்த பாதுகாப்பு இதுதான். சேஃப்டிஸ்க்ஷிம் என்ற இலவசக் கருவி அந்த டிரைவர் இல்லாமலேயே பல சேஃப்டிஸ்க் கேம்களை ஓட வைக்கிறது. அசல் டிஸ்க் டிரைவில் இருந்தால் போதும். ஸ்டார்ஃபோர்ஸ் என்ற இன்னொரு பூட்டு உள்ள கேமை மட்டும் சிடியிலிருந்து நிறுவவே வேண்டாம். அதன் பழைய டிரைவர்கள் விண்டோஸையே குழப்பும். படி 3-க்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்த தொல்லை, "டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் இல்லை" என்ற செய்தி. உடனே அந்தப் பெயரைத் தேடி, டிஎல்எல் ஃபைல்களைத் தனித்தனியாகத் தரும் தளம் ஒன்றிலிருந்து எடுத்தேன். கூடவே விளம்பர நிரல் ஒன்றும் ஏறிக்கொண்டது. அதை விரட்ட ஒரு மாலை ஆனது. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம்ஸ் ஜூன் 2010' இருக்கிறது, சுமார் 95 எம்பி. அதை ஓட்டினால் ஃபைல்களை எங்கே விரிப்பது என்று கேட்கும். காலியான ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். விரித்து முடித்ததும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை. அந்த ஃபோல்டருக்குள் போய் 'டிஎக்ஸ்செட்டப்' என்ற ஃபைலை ஓட்ட வேண்டும். விண்டோஸ் 11-இல் உள்ள டைரக்ட்எக்ஸ் 12-க்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. பழைய ஃபைல்கள் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

வைஸ் சிட்டியில் இன்னொன்று. அமைப்புகளில் 'ஃப்ரேம் லிமிட்டர்' (நொடிக்கு எத்தனை படம் என்று கட்டுப்படுத்துவது) என்று இருப்பதை அணைக்காதீர்கள். புது கணினியின் வேகத்துக்கு விட்டால் வண்டிகளும் மனிதர்களும் தாறுமாறாக நடந்துகொள்வார்கள். சைலண்ட்பேட்ச் என்ற ஆர்வலர் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள். புது கணினிகளில் வரும் பல கோளாறுகளை அது சரிசெய்கிறது. வேறு ஏதாவது கேம் மிதமிஞ்சிய வேகத்தில் ஓடினால் கிராபிக்ஸ் கார்டின் கட்டுப்பாட்டு நிரலில் அதிகபட்ச ஃப்ரேம் வேகத்தை 60 அல்லது 30 என்று கட்டுங்கள்.

9. லேப்டாப் எதையுமே நிறுவ விடவில்லையா?

விலை குறைந்த சில லேப்டாப்கள் 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ளதைத் தவிர வேறு எதையும் ஓட்ட விடாது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று போனால் அங்கே தெரியும். அதிலிருந்து வெளியே வரக் கட்டணம் இல்லை. கடையில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருமுறை வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ரேப்பர் ஃபைல்களை ஆன்டிவைரஸ் பிடித்து வைப்பதும் நடக்கும். அவற்றை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருந்தால், அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஆன்டிவைரஸையே அணைக்க வேண்டாம்.

10. ஓடியதும் அன்றே செய்ய வேண்டியது

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பூசாரி கையை உயர்த்தி "வொலொலோ" என்றதும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் நான் அப்படியே விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக லேப்டாப்பை ரீசெட் செய்ய வேண்டி வந்தது. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தேன், பாதி மறந்தும் போயிருந்தது.

அதனால் கேம் ஓடிய அன்றே, அந்த கேமின் முழு ஃபோல்டரையும் ரேப்பர் ஃபைல்களோடு ஜிப் செய்யுங்கள். சிடியின் பிரதி, சிடி கீயின் படம், கையேட்டின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். நோட்பேடில் ஐந்தாறு வரி எழுதுங்கள்: எந்த ரேப்பர், எந்தப் பதிப்பு, கம்பாட்டிபிலிட்டியில் எதை டிக் செய்தீர்கள், டைரக்ட்பிளே தேவைப்பட்டதா, சேவ் ஃபைல் எங்கே இருக்கிறது. அந்த ஃபைலையும் ஜிப்புக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.